பென்டகன் கதை கேட்ட கதை

2011 அக்டோபரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏற்றிய அதிர்ச்சியில் மறு ஆண்டே தொடங்கப்பட்ட அமைப்பு அது. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் அதன் பணத்தில் பிறந்தது. ஆயுதங்களுக்கும் விமானங்களுக்கும் புதிய யோசனைகள் கேட்டுப் பழகிய அந்த அமைப்பு இந்த முறை கேட்டது கதையைப் பற்றி. கதை என்பது என்ன, அது கேட்பவரின் மூளையில் என்ன செய்கிறது, எந்தக் கதை யாருடைய நடத்தையை மாற்றும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? இவற்றுக்கு அளந்து காட்டக்கூடிய விடைகள் வேண்டும் என்றது. திட்டத்தின் பெயர் ‘நேரேட்டிவ் நெட்வொர்க்ஸ்’. அதன் பொறுப்பாளர் வில்லியம் கேஸ்பீர், தத்துவமும் அறிவாற்றல் அறிவியலும் படித்த விமானப்படை அதிகாரி.

பொறியாளர்களுக்கே உரிய முறையில் வேலையைப் பிரித்திருந்தார்கள். கதையைக் கூறு கூறாகப் பகுத்து அளப்பதற்கான கோட்பாடு ஒரு பகுதி. கதை கேட்கும்போது நினைவும் உணர்ச்சியும் மூளையின் வேதிப்பொருள்களும் எப்படி மாறுகின்றன என்பது இன்னொரு பகுதி. மூன்றாவதுதான் பத்திரிகைகளில் அடிபட்டது: ஒருவர் கதையில் எவ்வளவு ஆழ்ந்திருக்கிறார் என்பதை அவர் உடலில் கம்பி ஒட்டாமல் தள்ளி நின்றே கண்டறியும் உணர்கருவிகளும், கதையின் தாக்கத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாதிரிகளும். அதே ஆண்டு ஜூலையில், சமூக ஊடகங்களில் கருத்துகள் பரவும் விதத்தை ஆராய 4.2 கோடி டாலரில் வேறொரு திட்டத்தையும் டார்பா அறிவித்திருந்தது. இரண்டையும் சேர்த்து வாசித்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியதில் வியப்பில்லை.

அந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1953இல் தொடங்கிய எம்.கே.அல்ட்ரா திட்டத்தில் சி.ஐ.ஏ., எதுவும் அறியாத சொந்தக் குடிமக்களுக்கே எல்.எஸ்.டி. கொடுத்துச் சோதித்தது. 1973இல் அதன் கோப்புகளில் பெரும்பகுதியை அழிக்கச் சொன்னவர் அந்த அமைப்பின் தலைவர். தப்பிய காகிதங்களை வைத்துத்தான் 1977இல் செனட் விசாரித்தது. நேரேட்டிவ் நெட்வொர்க்ஸ் அந்த இனத்தைச் சேர்ந்ததல்ல. அதன் ஆய்வுகள் பல்கலைக்கழகங்களில் நடந்தன; முடிவுகள் யாரும் படிக்கக்கூடிய ஆய்விதழ்களில் வந்தன. ஆகவே மூளைச்சலவை என்ற கூச்சலைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அரசு பணம் கொடுத்துக் கேட்ட கேள்விக்கு என்ன விடை கிடைத்தது என்று பார்ப்பது பயன் தரும். கேட்டவர்கள் எதிர்பார்த்த திசையில் விடை வரவில்லை என்பது என் வாசிப்பு. மண்டைக்குள் எங்கோ ஒரு விசை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று இறங்கினார்கள். நல்ல சோதனைகளோ அந்த விசையைத் தலைக்கு வெளியே தள்ளிக்கொண்டே போயின.

ராணுவத்துக்குக் கதைமேல் ஏன் அவ்வளவு ஆசை வந்தது என்பதை முதலில் சொல்லிவிடலாம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, முஸ்லிம் நாடுகளில் அமெரிக்காவின் பெயரைச் சீராக்க வெளியுறவுத் துறை அமர்த்திய சார்லட் பியர்ஸ் விளம்பர உலகத்திலிருந்து வந்தவர். அமெரிக்காவில் முஸ்லிம்கள் நிம்மதியாக வாழ்வதைக் காட்டும் குறும்படங்களை 2002இல் சுமார் 1.5 கோடி டாலர் செலவில் வெளியிட்டார்கள். எகிப்து, லெபனான், ஜோர்டான் ஆகிய நாடுகளின் அரசுத் தொலைக்காட்சிகள் அவற்றை ஒளிபரப்ப மறுத்தன. 2003 மார்ச்சில் பியர்ஸ் பதவி விலகினார். அந்த மாதமே ஈராக்கின்மீது குண்டுகள் விழத் தொடங்கின. 2005இல் கேஸ்பீர் இன்னொருவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பயங்கரவாத அமைப்புகள் ஆள் சேர்ப்பதும் ஆளைத் தக்கவைப்பதும் கதையால்தான், எனவே அரசுக்கும் ஓர் எதிர்க்கதை உத்தி வேண்டும் என்பது அதன் சாரம். ஆறு ஆண்டுகள் கழித்து அந்த எண்ணத்துக்கு நிதி கிடைத்தது.

கதை மனத்தை மாற்றுகிறது என்பதற்கு மூளை ஸ்கேன் இல்லாமலே நல்ல சான்று அப்போதே இருந்தது. 2000இல் மெலனி கிரீன், திமத்தி பிராக் இருவரும் வெளியிட்ட சோதனை இத்துறையில் ஒரு மைல்கல். கடைவளாகம் ஒன்றில் அக்காவோடு வந்த சிறுமியை, மனநலக் காப்பகத்திலிருந்து வெளியே வந்த நோயாளி ஒருவன் கொன்றுவிடுகிறான். கதையில் எந்த வாதமும் கிடையாது; மனநோயாளிகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று யாரும் பேசுவதில்லை. ஆனாலும் கதையில் ஆழ்ந்து போனவர்கள், படித்து முடித்தபின் மனநோயாளிகளின் சுதந்திரத்தைக் குறைக்க வேண்டும் என்ற பக்கம் சாய்ந்திருந்தார்கள். இது நடந்த செய்தி என்று சிலரிடமும், கற்பனை என்று சிலரிடமும் சொல்லியிருந்தார்கள். அதனால் சாய்வில் வேறுபாடு வரவில்லை. இன்னொரு விவரம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. பொய்யாகத் தொனிக்கும் வரிகளை வட்டமிடச் சொன்னபோது, ஆழ்ந்தவர்கள் குறைவாகவே வட்டமிட்டார்கள். கதைக்குள் போனவருக்குக் குறை கண்ணில் படுவதில்லை.

ஏன் படுவதில்லை? டார்பா நிதியில் நடந்த வேலைகளில் மிகச் சுத்தமானது என்று நான் கருதும் சோதனை இந்த இடத்தைத்தான் தொட்டது. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் எரிக் ஷூமாக்கரின் குழு அதைச் செய்து 2015இல் வெளியிட்டது. கதையில் ஆழ்வதை ஒரு பயணமாகப் பார்க்கும் கோட்பாட்டை 1993லேயே நூலாக எழுதிய உளவியலாளர் ரிச்சர்ட் கெரிக்கும் அதில் பங்கேற்றார். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருப்பவருக்குத் திரையின் நடுவில் சஸ்பென்ஸ் படக் காட்சிகள் ஓடும். விளிம்பில் சதுரங்கக் கட்டம் போன்ற வடிவம் மின்னிக்கொண்டே இருக்கும். மின்னும் கட்டத்துக்கும் கதைக்கும் தொடர்பில்லை. ஹிட்ச்காக்கின் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தில் வெட்டவெளியில் ஓடும் கேரி கிராண்டை விமானம் துரத்தும்போது, பார்வைத் தகவல் முதலில் வந்து சேரும் பின்மூளைப் பகுதியில் விளிம்புக்கான செயல்பாடு குறைந்தது, நடுத்திரைக்கானது கூடியது. அவர் சோளக்கொல்லைக்குள் ஒளிந்து ஆபத்து சற்றுத் தணிந்ததும் நிலைமை தலைகீழானது. பரபரப்பு ஏற ஏறப் பார்வையின் அகலம் சுருங்குகிறது. இருக்கை நுனிக்கு வந்த ரசிகனுக்குப் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போனது தெரியாமல் போவது வெறும் பேச்சு வழக்கு இல்லை. அது பார்வையின் தொடக்கப் படியிலேயே நடக்கிறது.

கவனம் ஓர் அளவுக்கு உட்பட்டது, கதை அதை முழுக்க எடுத்துக்கொள்கிறது, குறை காண மிச்சம் இருப்பதில்லை. கிரீனும் பிராக்கும் கண்டதற்கு இது ஓரளவு காரணம் சொல்கிறது. ஆனால் கவனத்தைப் பிடிப்பதும் கருத்தை மாற்றுவதும் ஒன்றாகிவிடாது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்தவர் யாரும் சிறு விமானங்களுக்கு எதிராக ஒரு கொள்கையோடு வீடு திரும்பியிருக்க மாட்டார்.

கவனத்திலிருந்து கருத்துக்குப் போகும் பாலத்தைக் கட்டியதாகச் சொன்னவர் கலிபோர்னியாவின் கிளேர்மாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஜாக். மூளைப் புற்றுநோயால் சில மாதங்களில் இறக்கப்போகும் இரண்டு வயது மகனைப் பற்றித் தந்தை பேசும் ஒரு சிறு படம்தான் அவருடைய கருவி. குழந்தை பின்னால் விளையாடுகிறது, அதற்கு எதுவும் தெரியாது. கடைசி மூச்சு வரை அவன் எதிரில் மகிழ்ச்சியாக இருப்பது என்று தந்தை முடிவெடுக்கிறார். அதே தந்தையும் மகனும் விலங்குக் காட்சிசாலையில் நடந்து திரிவது இன்னொரு படம். அதில் முடிச்சும் இல்லை, அவிழ்ப்பும் இல்லை. படத்துக்கு முன்னும் பின்னும் பார்வையாளரின் ரத்தம் எடுக்கப்பட்டது. முதல் படத்தைப் பார்த்தவர்களிடம் கவனத்தோடு தொடர்புடைய கார்டிசாலும் பரிவோடு தொடர்புடைய ஆக்சிடோசினும் கூடின. அவை கூடியவர்கள் முன்பின் தெரியாதவருக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ பணம் கொடுக்க முன்வந்தார்கள். 2013இல் ஒருபடி மேலே போனார்கள். மூக்கில் செயற்கை ஆக்சிடோசின் தெளித்துவிட்டு மது, புகை, சாலை விபத்து போன்றவை குறித்த பொதுநல விளம்பரங்களைக் காட்டியபோது, மருந்தில்லாத வெறும் தெளிப்பு பெற்றவர்களைவிட ஆக்சிடோசின் பெற்றவர்கள் 56 விழுக்காடு அதிகமாக நன்கொடை தந்தார்கள்.

செய்தியாளர்களுக்கு இது விருந்தாகிவிட்டது. நான் இங்கே சற்று நின்று போக விரும்புகிறேன். ஆக்சிடோசினின் புகழுக்கு அடிக்கல் நாட்டியது 2005இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு. அதைத் தெளித்தால் பிறரை நம்பிப் பணம் ஒப்படைப்பது கூடுகிறது என்றது. ஜாக்கும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். பின்னர் பலர் அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 2015இல் கிடியன் நேவ் உள்ளிட்ட மூவர் எல்லா முயற்சிகளையும் அலசி, நம்பிக்கையை அது கூட்டுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றார்கள். 2020இல் சோதனை முறையை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டுப் பெரிய அளவில் நடத்திய மறுசோதனையிலும் எதிர்பார்த்த பொதுவான விளைவு வரவில்லை. ரத்தத்தில் அளக்கும் ஆக்சிடோசின் மூளைக்குள் நடப்பதைக் காட்டுகிறதா என்பதே இன்னும் சர்ச்சையில் இருக்கிறது. நெதர்லாந்தின் கார்ஸ்டென் டி ட்ரூ இன்னொரு பக்கத்தைக் காட்டினார்: அந்த வேதிப்பொருள் சொந்தக் குழுவின் மேல் சார்பைக் கூட்டுகிறது, யார் நம்மவர், யார் வெளியார் என்ற கோட்டைத் தடிமனாக்குகிறது. பகைமையைத் தணிக்கும் மருந்து தேடிப் போன ராணுவத்துக்கு இதில் கவனிக்க வேண்டிய செய்தி இருந்தது.

ஸ்கேன் படங்களையும் அளவறிந்து வாசிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. கருவி அளப்பது எண்ணத்தை அல்ல, ஆக்சிஜன் சுமந்துவரும் ரத்தத்தின் ஓட்டத்தை. ஆலையின் மின்கட்டணத்தைப் பார்த்து உள்ளே வேட்டி நெய்கிறார்களா சேலையா என்று ஊகிப்பதற்கு அது கிட்டத்தட்டச் சமம். மூளையின் ஒரே பகுதி பல வேலைகளில் பங்கு பெறுவதால், அது செயல்பட்டது என்பதை வைத்து இன்ன உணர்ச்சி எழுந்தது என்று பின்னோக்கி முடிவு கட்டும் வழக்கத்தை ரஸல் போல்ட்ராக் 2006லேயே கண்டித்தார். இன்றுவரை அந்த வழக்கம் போகவில்லை.

இந்த எச்சரிக்கையோடு தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வேலையைப் பார்க்கலாம். டார்பா பணத்தில் நடந்தவற்றில் அதிகம் யோசிக்க வைப்பது அதுதான். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வலைப்பதிவுகளைக் கணினியால் சலித்து, மணமுறிவு, சொன்ன பொய் போன்று சாதாரண மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதிய 40 கதைகளை எடுத்தார்கள். அவற்றைச் சுருக்கி மாண்டரினிலும் பாரசீகத்திலும் பெயர்த்தார்கள். அமெரிக்கர், சீனர், இரானியர் என 90 பேர் தத்தம் தாய்மொழியில் ஸ்கேன் கருவிக்குள் வாசித்தார்கள். எந்தக் கதையை வாசிக்கிறார் என்பதை மூளைச் செயல்பாட்டிலிருந்து கணினியால் ஊகிக்க முடிந்தது, மொழி மாறியபோதும்கூட. மொர்தேஸா தெஹ்கானி முதன்மை ஆசிரியராக இருந்த அந்தக் கட்டுரை 2017இல் வந்தது. கதையின் பொருள் தங்கும் இடமாக அது காட்டியது மூளையின் ‘இயல்புநிலை வலையமைப்பு’ என்று அழைக்கப்படும் பகுதிகளை. நாம் எந்த வேலையும் செய்யாமல் கடந்ததை அசைபோடும்போதும், நாளையைக் கற்பனை செய்யும்போதும், பிறர் மனத்தை ஊகிக்கும்போதும் உயிர்ப்போடு இருக்கும் வலையமைப்பு அது.

அதே குழுவின் ஜோனஸ் கேப்லன் இன்னொன்றைப் பார்த்தார். எவ்வளவு பணம் கொடுத்தாலும் விட்டுத்தர மாட்டேன் என்று ஒருவர் சொல்லும் விழுமியங்கள் உண்டு. கதையின் சிக்கல் அப்படிப்பட்ட ஒன்றைப் பற்றியது என்று வாசகர் கருதியபோது, மூன்று நாட்டவரிடமும் இதே வலையமைப்பு கூடுதலாகச் செயல்பட்டது. ஆகா, ஆழமான நம்பிக்கையின் கதவு அகப்பட்டது என்று ஒரு ராணுவ அதிகாரி மகிழ்ந்திருக்கலாம். ஆனால் 2016இல் கேப்லன் வேறொரு சோதனையையும் வெளியிட்டார். உறுதியான அரசியல் கருத்துள்ள 40 பேரிடம் அந்தக் கருத்துகளுக்கு எதிரான சான்றுகளை அடுக்கியபோதும் தலைதூக்கியது இதே வலையமைப்புதான். அவர்கள் அப்போது மாறிக்கொண்டிருக்கவில்லை, மாறாமல் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே விடும் கதவும் வெளியே நிறுத்தும் கதவும் ஒரே சுவரில் இருக்கின்றன. படத்தில் அந்த இடம் பிரகாசமாகத் தெரிவதை மட்டும் வைத்து எது நடக்கிறது என்று சொல்ல வழியில்லை.

பிரின்ஸ்டனின் உரி ஹாசன் செய்த வேலைகள் இதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தன. 2008இல் அவர் வெளியிட்ட கணக்கு பரவலாகப் பேசப்பட்டது. ஒரே காட்சியைப் பார்க்கும் பலருடைய மூளைகள் எவ்வளவு ஒத்து இயங்குகின்றன? ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சிப் படம் ஒன்றில் மூளைப் புறணியின் 65 விழுக்காடு, ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’யில் 45, ஒரு நகைச்சுவைத் தொடரில் 18, பூங்காவில் கேமராவைச் சும்மா நிறுத்தி எடுத்த காட்சியில் 5க்கும் கீழே. இயக்குநரின் பிடி எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு ஒத்திசைவு. இதைப் படித்தால் கதாசிரியன் கையில் கேட்பவர் களிமண் என்று தோன்றும்.

ஆனால் 2017இல் அவருடைய குழுவே சாலிஞ்சரின் ஒரு சிறுகதையை வைத்து அந்தத் தோற்றத்தைக் குலைத்தது. இரவில் ஒருவன் நண்பனுக்குத் தொலைபேசியில் பேசுகிறான். அவன் மனைவி வீடு திரும்பவில்லை. நண்பனின் பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் அந்த மனைவிதான் என்று ஒரு குழுவிடமும், கணவன் வீண் சந்தேகப் பேர்வழி என்று மற்றக் குழுவிடமும் கதை தொடங்கும் முன்பே சிறு குறிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பிறகு இரு குழுக்களும் கேட்டது வார்த்தை மாறாத ஒரே கதை. ஒலியைக் கையாளும் பகுதிகள் இரு குழுக்களிடமும் ஒத்தே இயங்கின. இயல்புநிலை வலையமைப்போ இரண்டாகப் பிரிந்தது. ஒரே முன்குறிப்பைப் பெற்றவர்கள் தங்களுக்குள் ஒத்துப்போனார்கள், மற்றவர்களிடமிருந்து விலகினார்கள். ஒத்துப்போனதற்குக் காரணம் கதை மட்டுமல்ல, கதைக்கு முன்னால் காதில் விழுந்த ஒரு குறிப்பு.

ஒரு குறிப்புக்கே இந்த வலிமை என்றால், பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த கதைகளுக்கு எவ்வளவு இருக்கும்? அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் கார்மன் குழு இந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அவரும் ஜெஃப்ரி ஹால்வர்சன், எச்.எல். குடால் இருவரும் 2011இல் எழுதிய நூல், இஸ்லாமியத் தீவிரவாதப் பிரசாரத்தில் திரும்பத் திரும்ப வரும் பெருங்கதைகளை ஆராய்ந்தது. ஆணவம் கொண்ட எகிப்திய மன்னன் ஃபிர்அவ்ன், படையெடுத்து வரும் சிலுவைப் போராளி போன்ற பாத்திரங்களை நூற்றாண்டுகளாக அறிந்த செவிக்கு, இன்றைய ஆட்சியாளரையோ அந்நியப் படையையோ அந்த இடத்தில் பொருத்திக் காட்டினால் போதும். மிச்சத்தைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். டார்பா திட்டத்தின் கீழ் இவ்வகையில் 100 கதைகளை, 42,000க்கும் மேற்பட்ட சொற்களை, கணினி படிக்கும் வகையில் குறியிட்ட தொகுப்பு ஒன்றையும் மார்க் ஃபின்லேசன் அவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். கவனமான வேலை. ஆனால் அதன் உட்பொருள் பணம் கொடுத்தவருக்கு அவ்வளவு உவப்பானதல்ல: பெருங்கதையில் சிலுவைப் போராளியின் இடம் யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதோ, அவரே வந்து எதிர்க்கதை சொன்னால் அதுவும் அந்தப் பெருங்கதையின் ஓர் அத்தியாயமாகிவிடும்.

சொல்பவர் யார் என்ற இந்தக் கேள்வியை அமெரிக்க ராணுவம் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் அதன் பணத்திலேயே செய்த ஆய்வுகள் இருந்தன. படையில் சேர்ந்தவர்களுக்கு எதற்காகப் போராடுகிறோம் என்று புரியவைக்க ஹாலிவுட் இயக்குநர் ஃபிராங்க் காப்ராவைக் கொண்டு ஏழு படங்கள் எடுத்தார்கள். அவை வேலை செய்தனவா என்று சோதிக்க யேல் உளவியலாளர் கார்ல் ஹோவ்லண்டை அமர்த்தினார்கள். அன்று ஸ்கேன் கருவி கிடையாது, கேள்வித்தாளும் பென்சிலும்தான். பிரிட்டன்மீது நடந்த வான்போரைப் பற்றிய படத்தைப் பார்த்த படைப்பிரிவுகளையும் பார்க்காத பிரிவுகளையும் ஒப்பிட்டார். பார்த்தவர்கள் தகவல்களை நன்றாகவே கற்றிருந்தார்கள். சில கருத்துகள் கொஞ்சம் நகர்ந்திருந்தன. போரிடும் விருப்பம் மட்டும் அசையவில்லை. படம் எடுக்கப்பட்டதே அதற்காகத்தான். ஒன்பது வாரம் கழித்துக் கேட்டபோது இன்னொரு வியப்பு: தகவல்கள் மறந்துபோயிருந்தன, சில கருத்துகளோ ஐந்தாம் நாளில் இருந்ததைவிடக் கூடுதலாக மாறியிருந்தன. 1949இல் நூலாக வந்த இந்த முடிவுகள், கதையின் பலனை உடனே அளந்து முடிவு சொல்லும் எவரையும் சற்றுத் தயங்க வைக்க வேண்டியவை. ரத்தம் எடுத்துவிட்டு அப்போதே நன்கொடைப் பெட்டியை நீட்டும் சோதனைகளில் ஒன்பது வாரத்துக்கு இடமில்லை.

1951இல் ஹோவ்லண்டும் வால்டர் வைஸும் அணுசக்தி நீர்மூழ்கி சாத்தியமா என்ற ஒரே கட்டுரையைச் சிலருக்கு ஓப்பன்ஹைமர் எழுதியதாகவும், சிலருக்குச் சோவியத் நாளேடான பிராவ்தாவில் வந்ததாகவும் கொடுத்தார்கள். முதல் பெயருக்குக் கிடைத்த செல்வாக்கு இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை. நான்கு வாரத்தில் பெயர் பின்னுக்குப் போய், வேறுபாடு கரைந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து வெளியுறவுத் துறை ‘மீண்டும் யோசி, விலகிப் போ’ என்ற பொருளுள்ள பெயரில் சமூக ஊடகப் பிரசாரம் தொடங்கியபோது, ஜிகாதி ஆதரவாளர்களோடு ட்விட்டரில் வாய்ச்சண்டை போட்ட கணக்கு அமெரிக்க அரசின் முத்திரையோடுதான் இயங்கியது. எதிராளிக்கு மேடை போட்டுக் கொடுக்கிறீர்கள் என்று வல்லுநர்கள் திட்டினார்கள். 2016இல் அந்தப் பிரசாரத்தை நடத்திய அலுவலகத்தையே மாற்றி அமைத்தார்கள்.

மூளை ஆய்வால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. எமிலி ஃபாக் 2012இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. புகைப்பதை விட நினைக்கும் சுமார் 30 பேருக்கு, உதவி எண்ணை அழைக்கச் சொல்லும் மூன்று தொலைக்காட்சி விளம்பரத் தொகுப்புகளை ஸ்கேன் கருவிக்குள் காட்டினார்கள். எது சிறந்தது என்று கேட்டபோது அவர்கள் கடைசி இடத்தில் வைத்த தொகுப்புக்கு, அவர்களுடைய முன்மூளையின் நடுப்பகுதி முதலிடம் கொடுத்தது. ஒளிபரப்பானபோது உதவி எண்ணுக்கு அழைப்புகளை மிக அதிகமாகக் கூட்டியதும் அதுவே. வாய் சொன்னதைவிட மூளை சொன்னது ஊருக்குப் பொருந்தியது. அந்தப் பகுதி, ஒன்றை நமக்கானது என்று எடுத்துக்கொள்வதோடு தொடர்புடையது. ஆனால் கவனியுங்கள், அந்த 30 பேரும் ஏற்கனவே விட நினைத்தவர்கள். சாய்ந்து நின்றவர்களில் எந்தக் கதை யாரை எழுப்பும் என்பதைத்தான் அது முன்கூட்டிச் சொன்னது. விட விரும்பாதவரை எந்தக் கதை திருப்பும் என்பது அந்தச் சோதனையின் கேள்வியே அல்ல. டார்பாவின் கேள்வியோ அதுதான்.

ஸ்கேன் சோதனைகள் எல்லாவற்றிலும் ஒருவர் தனியாகப் படுத்திருக்கிறார். கருவியின் இரைச்சலுக்கு நடுவே, தலையை அசைக்காமல். கதை உலகில் எங்கும் அப்படிக் கேட்கப்படுவதில்லை. எலிசபெத் லெவி பாலக் ருவாண்டாவில் செய்த ஆய்வு இதற்கு நேர்மாறானது. 1994 இனப்படுகொலையில் வானொலி வகித்த பங்கை உலகம் அறியும். பத்து ஆண்டுகள் கழித்து அங்கே வானொலியிலேயே ‘முசெகெவேயா’ என்ற தொடர்நாடகம் தொடங்கியது. இரண்டு ஊர்கள், பகை, எல்லை தாண்டிய காதல். ஓராண்டு முழுவதும் சில ஊர்க் குழுக்கள் இதையும், சில குழுக்கள் உடல்நலம் பற்றிய நாடகத்தையும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டன. 2009இல் வெளியான முடிவு இது: நாடகம் சொல்ல வந்த கருத்துகளில் தனிமனித நம்பிக்கை பெரிதாக மாறவில்லை. நம் சமூகத்தில் எது தகும், எது தகாது என்ற எண்ணம் மாறியது. கடைசியில் ஒவ்வொரு குழுவுக்கும் பொதுவாக ஒரு டேப் ரிக்கார்டரும் பேட்டரிகளும் கொடுத்தார்கள். உடல்நல நாடகம் கேட்ட குழுக்களில் யாராவது ஒருவர் அதை ஊர் அதிகாரியிடம் விட்டுவிடலாம் என்பார், எல்லோரும் தலையாட்டுவார்கள். முசெகெவேயா கேட்டவர்களிடம் அந்த யோசனைக்கு மறுப்பு எழுந்தது. பேசினார்கள், வாதாடினார்கள், நாமே சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அந்த வாக்குவாதத்தில் மாறியது எது என்று தனித்தனித் தலைகளை ஸ்கேன் செய்து கண்டுபிடிப்பது கடினம். பக்கத்தில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்பதைப் பற்றிய என் கணிப்பு மாறினால், என் நம்பிக்கை அப்படியே இருக்க நான் வேறு விதமாக நடந்துகொள்ள முடியும். அரசுகள் இதை ஆராய்வதற்குத் தயங்க ஒரு காரணம் இருக்கலாம் என்று தோன்றுகிறது. தலைக்குள் இருக்கும் விசையைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். ஓராண்டு கூடி உட்கார்ந்து கேட்கும் ஊரையும், அந்த ஊர் நம்பும் குரலையும் வெளியிலிருந்து வாங்குவது எளிதல்ல.

கடைசியாகச் சட்டத்தைப் பற்றி. வெளிநாட்டு மக்களுக்காக வெளியுறவுத் துறையும் அரசு ஒலிபரப்புகளும் தயாரிப்பதைச் சொந்த மக்களிடம் பரப்பக் கூடாது என்ற தடுப்பு, 1948ஆம் ஆண்டின் ஸ்மித்–முண்ட் சட்டத்திலிருந்து வளர்ந்தது. நேரேட்டிவ் நெட்வொர்க்ஸ் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அது தளர்த்தப்பட்டது. 2013 ஜூலை முதல், கேட்பவருக்கு உள்நாட்டிலும் அவற்றைக் கொடுக்கலாம் என்றானது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் மூளை ஆய்வு அந்தத் தடுப்பை முன்பே தாண்டியிருந்தது. இலக்கு வேற்று நாட்டு மனம். ஹிட்ச்காக் படத்துக்காகக் கருவிக்குள் படுத்ததும், புற்றுநோய்க் குழந்தைக்காக ரத்தம் கொடுத்ததும் அமெரிக்கர்கள். சேர்ந்த அறிவில் பெரும்பகுதி அமெரிக்கப் பார்வையாளரைப் பற்றியது, அதற்குச் சந்தையும் அங்கேயே இருந்தது. பால் ஜாக் பின்னர் ‘இம்மெர்ஷன்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ரத்தம் எடுக்க வேண்டிய தேவை இப்போது இல்லை. கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச் காட்டும் இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கத்தை வைத்து, ஒரு விளம்பரமோ படமோ பயிற்சி வகுப்போ பார்ப்பவரை எந்த நொடியில் பிடித்தது, எந்த நொடியில் விட்டது என்று அது வாடிக்கையாளர்களுக்கு அளந்து சொல்கிறது. ஸ்மித்–முண்ட் சட்டம் அரசுக்கானது. தனியார் நிறுவனத்தை அது எந்தக் காலத்திலும் கட்டுப்படுத்தியதில்லை.